ரத்தினம்மாள் டீச்சரின் ஒரு நிமிஷம்

முப்பத்தேழாம் அத்தியாயத்தின் கடைசியில் வளர்மதி ஐந்து நொடி மௌனம்தான் ஒட்டியிருந்தாள். கணினியில் அது எட்டு நொடி ஓடியது.

மூன்று நொடி என்ன பெரிய விஷயமா என்று மற்றவர்கள் விட்டுவிடுவார்கள். வளர்மதி விடுகிற ஆள் இல்லை. பழைய ரஷ்ய நாவல் ஒன்றின் தமிழாக்கத்தைப் படித்து, யாரும் இலவசமாகக் கேட்கும்படி இணையத்தில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள் அவளும் பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்து ஆட்கள் சிலரும். மற்றவர்கள் படித்து அனுப்பியதைக் கேட்டுப் பிழை பிடிக்கிற வேலையும் அவளுடையதுதான். ஒருத்தர் எச்சில் விழுங்கினால்கூட நிமிஷம், நொடி போட்டு எழுதி அனுப்பிவிடுவாள்.

இன்னும் இரண்டே அத்தியாயம். அதை இந்த வாரத்துக்குள் முடித்தாக வேண்டும். திங்கட்கிழமை திருச்சியில் அவளுக்குத் தொண்டையில் ஆபரேஷன். குரல் நாணில் கட்டி. பழைய குரல் அப்படியே திரும்பி வரும் என்று உறுதி சொல்ல முடியாது என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். போனால் போகட்டும், போவதற்குமுன் இந்தக் குரல் ஒரு புத்தகத்தின் கடைசி வரி வரைக்குமாவது நிற்கட்டும் என்பதுதான் அவளுடைய ஒரே ஆசை.

படிப்பது சாமான் அறையில். ஜன்னலில் இலவம்பஞ்சு மெத்தையைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, உச்சி வெயிலில் பழைய பஞ்சின் புழுங்கல் வாடையும் தன் வியர்வை வாடையுமாக உட்கார்ந்து, முழங்கால் அளவு பனியில் நடந்துபோகிற மனிதர்களைப் பற்றிப் படிப்பாள். அத்தனை அடைத்தும் தெருவில் சுண்ணாம்புக்கல் லாரி போனால் தரை அதிரும். அதிர்ந்த இடத்தை வெட்டி எடுத்துவிட்டு மௌனத்தை ஒட்டுவாள். வெறும் சூனியத்தை ஒட்டினால் காதில் ஓட்டை விழுந்த மாதிரி இருக்கும். ஆள் இருக்கிற அறையின் மௌனம் வேண்டும். லாரி போகிற அரியலூர்த் தெருவில் அதற்கு எங்கே போவது?

அது ரத்தினம்மாள் டீச்சரிடம் இருந்தது. கல்லங்குறிச்சியில், முந்திரிக் கொல்லைக்கு நடுவில் தனி வீடு. முதல் பன்னிரண்டு அத்தியாயங்களை டீச்சர்தான் படித்தார். இருநூற்றுப் பதினான்கு பிழை என்று பட்டியல் போட்டு அத்தனையையும் தள்ளிவிட்டு, தானே திரும்பப் படித்தவள் வளர்மதி. டீச்சர் ஒரே ஒரு தடவை போன் செய்தார்.

"ஒண்ணுகூடத் தேறலையா வளரு? நாப்பது வருசம் புள்ளைங்களுக்குப் படிச்சுக் காட்டுன வாயி இது."

விதிமுறை என்றால் எல்லாருக்கும் ஒன்றுதான் டீச்சர் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள். சித்திரையில் டீச்சர் போய்ச் சேர்ந்தார். அவர் படித்ததில் வளர்மதி அழிக்காமல் வைத்துக்கொண்டது ஒன்றே ஒன்று. பதிவு தொடங்குமுன், "ஒரு நிமிஷம் வாயத் தொறக்காம ஒக்காருங்க டீச்சர்" என்று அவளே சொல்லிப் பதிய வைத்த மௌனம். வாயை வேண்டாம் என்றவள், வாய் மூடியிருந்த நிமிஷத்தை மட்டும் கேட்காமல் எடுத்துத் தன் வாக்கியங்களுக்கு நடுவே எல்லாம் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

ஒலியைக் கூட்டி அந்த எட்டு நொடியைக் கேட்டாள். முதலில் கொல்லைக் காற்று. பிறகு உதடு பிரிகிற ஈரச் சத்தம். பிறகு ஒரு மூச்சு. மூச்சை விடுவது வேறு, படிக்கப் போகிறவர் இழுத்துக்கொள்வது வேறு. அது அவளுக்குத் தெரியாததா? இது இழுத்துக்கொண்ட மூச்சு.

அழித்துவிட்டுப் புதிதாக ஒட்டினாள். பதினொரு நொடி ஓடியது. அதற்கு முன்னால் அவள் படித்திருந்த கடைசி வார்த்தையைக் காணவில்லை.

வெள்ளிக்கிழமை முப்பத்தெட்டாம் அத்தியாயத்தைப் படித்தாள். லாரியே வராத இடங்களிலும் மௌனம் இருந்தது. அவள் ஒட்டாதது. இந்தப் பக்கம் ஒரு வார்த்தை, அந்தப் பக்கம் ஒரு வார்த்தை என்று கரையான் மாதிரி தின்றிருந்தது.

சனிக்கிழமை, குழுவை நடத்துகிற பெரம்பலூர் ஜெயப்பிரகாஷ் போன் செய்தான்.

"முப்பத்தொம்போது கேட்டேங்க்கா. ஒரு பிழை இல்ல. கொரலு கொஞ்சம் கனத்த மாதிரி இருந்துச்சு, அதுவும் நல்லாத்தான் இருக்கு."

நான் இன்னும் அதைப் படிக்கவே இல்லையே தம்பி என்று சொல்ல வாயெடுத்தாள். "நான் இன்னும்" வரைக்கும்தான் வந்தது. மீதி வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது. தொண்டைக்கு ஓய்வு கொடுங்க என்று அவன் வைத்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கதவைச் சாத்திக்கொண்டு அந்தப் பதிவைத் திறந்தாள். அவளுடைய குரல்தான். அவள் நிறுத்துகிற இடத்தில் நிறுத்தி, அவள் இழுக்கிற இடத்தில் இழுத்து, நாவலின் கடைசி வரி வரைக்கும் படித்தது. முடிந்தும் பதிவு முடியவில்லை. ஒரு நிமிஷம் மிச்சம் இருந்தது. கொல்லைக் காற்று. உதடு பிரிந்தது. மூச்சு.

"இப்ப நீ சும்மா இரு வளரு."

அதையும் அவள் குரலே சொன்னது.

காதொலிப்பானைப் பிடுங்கி எறிந்தாள். தரையில் விழுந்தது. சத்தம் இல்லை.

கதவைத் தள்ளிக்கொண்டு கூடத்துக்கு ஓடினாள். காலடி கேட்கவில்லை. வாசல் வழியே லாரி போனது. தரை அதிர்ந்தது. சத்தம் இல்லை.

கணவர் சிங்காரவேலு அடுக்களையில் நின்றார். கூப்பிட்டாள். தொண்டை நரம்பு புடைக்கக் கூப்பிட்டாள். ஒன்றும் வரவில்லை.

அவர் சட்டென்று தலை நிமிர்ந்தார். அவளைப் பார்க்கவில்லை. சாமான் அறைப் பக்கம் பார்த்தார். இதோ, என்று அவர் உதடு அசைந்தது.

அவள் திரும்பினாள். திறந்து போட்டுவிட்டு வந்த கதவு. சாத்தியிருந்தது.

அவர் காபியை ஆற்றினார். டம்ளரை எடுத்துக்கொண்டு அவளைத் தாண்டி நடந்தார். கையைப் பிடித்தாள். ஈ உட்கார்ந்த இடத்தைத் தடவுவதுபோல் தடவிக்கொண்டார்.

கதவு ஒரு சாண் திறந்தது.

உள்ளே இருந்து ஒரு கை வந்து டம்ளரை வாங்கிக்கொண்டது. அவர் கதவில் சாய்ந்து நின்று, உள்ளே சொல்வதைக் கேட்டார். பிறகு சிரித்தார். வாயெல்லாம் பல்லாக, தோள் குலுங்க, இத்தனை வருஷத்தில் அவளிடம் ஒரு நாளும் சிரிக்காத சிரிப்பு.