ஐந்தருவிக்குப் புது ஆள் தேவை

"ஆ...!"

குற்றாலத்தில், ஒரு லாட்ஜின் பின்புற மைதானத்து மேடையிலிருந்து வந்தது அந்தச் சத்தம்.

யாரும் பதறவில்லை.

ராக் பாடகர் விஜயசங்கர், சாயங்காலக் கச்சேரிக்கு மைக் சரிபார்க்கிறார். ராக் என்றால் கத்தல் இருக்கத்தானே செய்யும்! லாட்ஜ் வாட்ச்மேன் கைகூடத் தட்டினான்.

கிட்டாரைக் கட்டிக்கொண்டே விஜயசங்கர் மல்லாந்து விழுந்தார்.

எழுந்திருக்கவில்லை.

உதட்டில் கருப்பாக ஒரு கோடு...

வாட்ச்மேன் கை தட்டுவதை நிறுத்தினான்.

* * *

மறுநாள் காலை. சாரல் விடுவதாக இல்லை.

இன்ஸ்பெக்டர் நாச்சியாரின் சீருடை மூன்று வாரமாகக் காயவில்லை. சீசன் ட்யூட்டி. அருவிக்கரையில் குடித்துவிட்டு வழுக்கி விழுந்தவனைத் தூக்கி, செயினைத் தொலைத்தவளுக்குச் சமாதானம் சொல்லி, பார்க்கிங் சண்டையை விலக்கி... இப்போது இது!

"விபத்துன்னு முடிச்சிரலாம்னு பாத்தேன் மந்திரமூர்த்தி," என்றாள் கொட்டாவியோடு.

சப்-இன்ஸ்பெக்டர் மந்திரமூர்த்தி உதட்டைப் பிதுக்கினார்.

"முடியாதே மேடம்! எலக்ட்ரீஷியன் தெளிவாச் சொல்லுதான். மைக் லைன்ல எவனோ வேணும்னே கை வச்சிருக்கான். கையில கிட்டார் கம்பி... வாயில மைக்... கீழ ஈரம். சோலி முடிஞ்சிட்டு!"

"அந்த ஆளுக்கு எதிரி உண்டா?"

"எதிரியா? நிக்க வச்சா மைதானம் பத்தாது மேடம்!"

"விளக்கமாச் சொல்லும்."

"அவர் பேண்டு பேரு 'ஐந்தருவி'. தென்காசி, செங்கோட்டை, கடையநல்லூர், ஆலங்குளம், அம்பாசமுத்திரம்னு அஞ்சு ஊர்ல அஞ்சு ட்ரூப் இருந்துச்சு. ஒவ்வொண்ணுலயும் இருந்த ஒசந்த ஆளை மட்டும் பொறுக்கி எடுத்து, விஜயசங்கர் ஒரே பேண்டா ஆக்குனாரு. சூப்பர் க்ரூப்! நாகர்கோவில், திருவனந்தபுரம் வரைக்கும் தூள் பறந்துச்சு."

"பொறவு?"

"அஞ்சு பேருமே தலை மேடம்... வாலா இருக்க ஒருத்தனும் ஒத்துக்கிடல. மறு வருசமே கீபோர்டுக்காரன் போனான். அவன் இடத்துக்கு வந்தவனுக்கும் கிட்டார்க்காரனுக்கும் சண்டை. கிட்டார்க்காரன் போனான். அவன் போனதும் பழைய கீபோர்டு திரும்ப வந்தான். அவன் வந்ததும் புது கீபோர்டு..."

"போதும்! தலை சுத்துது. இம்புட்டு விவரம் உமக்கு எப்படித் தெரியும்?"

மந்திரமூர்த்தி நெளிந்தார்.

"நானும் ஒரு சீசன் அதுல கீபோர்டு வாசிச்சேன் மேடம்..."

"நீருமா?"

"இந்த வட்டாரத்துல வாசிக்காதவன் யாரு மேடம்? நம்ம ரைட்டரோட தம்பிகூட..."

"வாயை மூடும்!"

* * *

லாக்கப்பில் இருந்தவர் குற்றாலிங்கம். ஆலங்குளத்துக்காரர். ஐந்தருவியின் பேஸ் கிட்டார்.

அதாவது... நேற்றுக் காலை வரைக்கும்!

"வாட்ஸ்அப் க்ரூப்ல இருந்து தூக்கிட்டான் மேடம்!" கம்பியைப் பிடித்துக்கொண்டு புலம்பினார். "ஒரு போன் கிடையாது. ஒரு வார்த்தை கிடையாது. பல் தேச்சிக்கிட்டே பாக்கேன்... நான் க்ரூப்ல இல்ல!"

"அதுக்கு லாட்ஜ் வாசல்ல நின்னு என்ன கத்துனீரு?"

குற்றாலிங்கம் தலையைக் குனிந்தார்.

"'நீ மேடையிலயே கருகிச் சாவே'ன்னு..."

"கருகின்னேவா சொன்னீரு?"

"வாயில வந்துட்டு மேடம்!"

"மேடையில வயரிங் வேலை பாக்கது யாரு?"

"...நான்தான். ஆனா நேத்து நான் தொடவே இல்ல! சத்தியமா!"

நாச்சியார் பெருமூச்சு விட்டாள். கோபம் இருக்கிறது. மிரட்டல் இருக்கிறது. வேலையும் தெரிந்திருக்கிறது. இனி என்ன வேண்டும்? எழுதி அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கலாம்.

"மேடம்..." குற்றாலிங்கத்தின் குரல் உடைந்தது. "இன்னைக்குச் சாயங்காலம் என் மவளுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க சங்கரன்கோவில்ல இருந்து வேன் புடிச்சு வாராவ. அப்பன் லாக்கப்புல இருக்கான்னு தெரிஞ்சா... வேன் பாதி வழியிலயே திரும்பிரும் மேடம்!"

"மத்தியானம் உம்மைக் கோர்ட்டுல நிறுத்தணும். நான் ஒண்ணும் செய்ய முடியாது."

அவள் திரும்பியபோது வாசலில் இருவர் நின்றிருந்தார்கள்.

நனைந்த நரைத் தாடியோடு ஒருவர். ட்ரம்மர் காஜா. பக்கத்தில் இருபத்தைந்து வயசில் ஒருவன். நேற்றுக் குற்றாலிங்கத்தின் இடத்துக்கு வந்து சேர்ந்த ரிஃபாத்.

"குற்றாலிங்கம் செய்யல மேடம்," என்றார் காஜா, உட்காராமலே. "அவனை விட்டுருங்க. சாயங்காலம் பிள்ளைக்கு நிச்சயம்."

"செய்யலன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"விஜயசங்கர் இவனைத் தூக்குனது இது முதல் தடவையா என்ன? தூக்குதப்பல்லாம் இப்படித்தான் கத்துவான். அடுத்த சீசன் பல்லைக் காட்டிக்கிட்டு வந்து நிப்பான். இவன் கோவம் சாரல் மாதிரி மேடம். நனைக்கும்... ஆளை அடிச்சிட்டுப் போவாது."

"லே காஜா..." லாக்கப்புக்குள் குற்றாலிங்கம் விம்மினார்.

"நீ சும்மா இருலே."

நாச்சியார் நாற்காலியைக் காட்டினாள். "ஆரம்பத்துல இருந்தவங்கள்ல நீங்க ஒருத்தர்தான் கடைசி வரை இருந்திருக்கீங்க. உங்களை மட்டும் ஏன் தூக்கல?"

"ஆளைத் தூக்கும்போது விஜயசங்கர் ஒண்ணு சொல்லுவான் மேடம்..."

"'அருவி அங்கனயேதான் நிக்கும்லே, தண்ணிதான் மாறும்!'" மந்திரமூர்த்தி பின்னாலிருந்து எடுத்துக் கொடுத்தார். "எங்கிட்டயும் சொன்னாரு மேடம்."

காஜா சிரித்தார். சிரிப்பில் உயிர் இல்லை.

"நான் தண்ணி இல்ல மேடம். பாறை. தண்ணி ஓடிப் போயிரும். அடி வாங்குறது பாறைதான். புதுசா ஒருத்தன் வருவான். நாப்பது பாட்டையும் முதல்ல இருந்து சொல்லிக் குடுக்கணும். எங்கன ஏறணும், எங்கன நிறுத்தணும்... அவன் படிச்சு முடிக்கதுக்குள்ள அவனைத் தூக்கிருவான். அடுத்தவன் வருவான். மறுபடியும் முதல் பாட்டு! எத்தனை பேருன்னு எண்ணுறதையே விட்டுட்டேன்."

அதுவரை நகத்தைக் கடித்துக்கொண்டிருந்த ரிஃபாத் திடீரென்று வெடித்தான்.

"மேடம்... அந்த மைக்கை நான்தான் முதல்ல தொட்டிருக்கணும்!"

"என்னது?"

"ஆமா மேடம்!" மந்திரமூர்த்தியின் கண்கள் விரிந்தன. "எனக்கு இது தோணவே இல்ல பாருங்க! ஐந்தருவில புதுசாச் சேருதவன்தான் முதல்ல மைக்ல பேசணும். 'செக்... செக்'னு சொல்லிட்டு, அவன் பேரைச் சொல்லணும். விஜயசங்கர் கீழ நின்னு கை தட்டுவாரு. அப்பதான் சேந்ததா அர்த்தம்!"

நாச்சியார் மெதுவாக லாக்கப் பக்கம் திரும்பினாள்.

"அப்போ... குறி விஜயசங்கர் இல்ல. உம்ம இடத்துக்கு வந்த இந்தப் பையன்!"

"ஐயோ!" குற்றாலிங்கம் நெஞ்சில் அடித்துக்கொண்டார். "அந்தப் பையன் மூஞ்சியையே நான் இப்பதான் மேடம் பாக்கேன்!"

காப்பாற்ற வந்தவர்களே கழுத்துக் கயிற்றை இறுக்கிவிட்டார்கள். காஜாவின் முகம் வெளிறிப் போனது.

"எழுதும் மந்திரமூர்த்தி..." என்ற நாச்சியார், ரிஃபாத்திடம் சம்பிரதாயமாகக் கேட்டாள். "நீ ஏம்ப்பா நேரத்துக்கு மேடைக்கு வரல?"

"காஜா அண்ணன்தான் மேடம் பழைய குற்றாலத்துக்குக் கூட்டிட்டுப் போனாவ. 'சீசனுக்கு வந்துட்டு எண்ணெய் தேச்சிக் குளிக்காம இருக்கலாமாலே'ன்னாவ. தலையில இருந்து கால் வரைக்கும் எண்ணெய்! மசாஜ்காரர் உருட்டி எடுத்துட்டாரு. பொறவு அருவியில ஒரே கூட்டம். வரிசை நகரவே இல்ல. விஜயசங்கர் அண்ணன் போன் மேல போன். கடைசியில 'வந்து தொலைலே, நானே செக் பண்ணிக்கிடுதேன்'னு வச்சிட்டாவ."

நாச்சியாரின் விரல்கள் மேஜையில் தாளம் போடுவதை நிறுத்தின.

"தம்பி... எண்ணெய்க் கையோட பேஸ் வாசிக்க முடியுமா?"

"வழுக்கிரும் மேடம். கம்பியில விரலே நிக்காது. நானும் கேட்டேன், 'அண்ணே, சாயங்காலம் கச்சேரி இருக்கே'ன்னு. 'அதெல்லாம் பாத்துக்கிடலாம்'னாவ."

"மந்திரமூர்த்தி! புது ஆளுக்கு எண்ணெய் தேச்சி விடுறதும் பேண்டு வழக்கமா?"

"கிடையவே கிடையாது மேடம்! கச்சேரி அன்னைக்கு எண்ணெய்ப் பக்கம் போனா, காஜா அண்ணாச்சிதான் முதல் ஆளா வைவாவ..."

சொல்லி முடிக்கும் முன்பே மந்திரமூர்த்தியின் குரல் தேய்ந்தது.

நாச்சியார் எழுந்தாள். மூன்று வாரத்துச் சோர்வு எங்கே போனதென்று தெரியவில்லை.

"கச்சேரி அன்னைக்குக் கம்பி புடிக்கறவன் கையில யாரும் எண்ணெய் தடவ விட மாட்டாங்க காஜா. நீங்க விட்டீங்க. ஏன்னா... அன்னைக்குக் கச்சேரி நடக்காதுன்னு உங்களுக்கு மட்டும்தான் தெரியும்!"





"காஜா... இல்லன்னு சொல்லுலே!" குற்றாலிங்கம் கத்தினார்.

காஜா அப்போதுதான் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். நெடுந்தூரம் நடந்து வந்தவர் உட்காருவது போல.

"தம்பி கை அதுல பட்டிரக்கூடாதுன்னுதான் மேடம் கூட்டிட்டுப் போனேன். அவனைத் தேடவும் வீட்டுல பெத்த உம்மா ஒருத்தி இருக்கால்லா?"

ரிஃபாத் சுவரில் சாய்ந்தான்.

"வயரிங்?"

"குற்றாலிங்கம் பக்கத்துலயே நின்னு பாத்திருக்கேன். மழைக்காலத்துல எதைச் செய்யவே கூடாதுன்னு அவன்தான் எல்லாருக்கும் சொல்லுவான். அதைச் செஞ்சேன்."

"பிடிக்கலன்னா விலகிப் போயிருக்கலாமே காஜா?"

"போகாமலா? ஒவ்வொரு தடவையும் என் வீட்டுக்கு வந்து, எம் பொஞ்சாதி நூருன்னிசா முன்னால ஒக்காந்து அழுவான். 'காஜா இல்லன்னா நான் செத்துருவேன் தங்கச்சி'ம்பான். அவளே என் சட்டையை இஸ்திரி போட்டு அனுப்பி வச்சிருவா." காஜா தாடியைத் துடைத்துக்கொண்டார். "போன வருசம் ஷார்ஜாவுல வேலை வந்துச்சு. குடோன்ல. ட்ரம்மு கிடையாது... பாட்டு கிடையாது... சத்தமே கிடையாது மேடம்! பெட்டி கட்டிட்டேன். கடைசி நேரத்துல விசா இல்லன்னுட்டாவ. ஏன்னு போன வாரம்தான் தெரிஞ்சது. விஜயசங்கர் ஏஜென்ட்டுக்குப் போன் போட்டு, 'காஜாவுக்கு நெஞ்சுல கோளாறு'ன்னு சொல்லியிருக்கான்."

"அவர்கிட்ட கேட்டீங்களா?"

"கேட்டேன். சிரிச்சான். 'பாறை எந்திரிச்சுப் போயிட்டா அருவி எங்கலே நிக்கும்'னான். சரி, அதைக்கூடப் பொறுத்துக்கிட்டேன் மேடம். பொறவு தோள்ல தட்டி, 'புதுப் பையன் வாரான், நாப்பது பாட்டையும் சொல்லிக் குடுத்துரு'ன்னான். அந்த நாப்பதுலதான்..."

காஜா லாக்கப் பக்கம் திரும்பினார்.

"குற்றாலிங்கத்தைப் புடிப்பீங்கன்னு நினைக்கல மேடம். விபத்துன்னு முடிச்சிருவீங்கன்னு நினைச்சேன்."

"நானும் அப்படித்தான் நினைச்சேன்," என்றாள் நாச்சியார் சலிப்போடு. "மந்திரமூர்த்தி, லாக்கப்பைத் திறந்து விடும்."

வெளியே வந்த குற்றாலிங்கம் காஜாவின் கையைப் பிடித்துக்கொண்டு குழந்தை போல அழுதார்.

"உனக்காண்டி நான் உள்ள இருந்திருப்பேனேலே..."

"போலே! வேன் வந்துரப் போவுது. பிள்ளைக்கு நான் துஆ செஞ்சதாச் சொல்லு." கையை உருவிக்கொண்டார் காஜா. "அழுத முகத்தோட பிள்ளை முன்னால போய் நிக்காத. ஓடு!"

ரிஃபாத் குற்றாலிங்கத்தின் தோளைப் பிடித்து அழைத்துப் போனான். இரண்டு பேஸ் கிட்டார்க்காரர்களும் ஒரே குடையில் பஸ் ஸ்டாண்டு நோக்கி ஓடினார்கள்.

காஜா அந்தக் குடை மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு எம்புட்டு மேடம் கிடைக்கும்?"

"ஆயுள்தான் காஜா."

வந்ததிலிருந்து முதல்தடவையாக அவர் முகம் தெளிந்தது.

"அல்ஹம்துலில்லாஹ்! ஒரே இடம்... ஒரே ஆளுங்க. புதுசா வாரவனுக்கு எதையும் முதல்ல இருந்து சொல்லிக் குடுக்க வேண்டாம்!"

"அங்கனதான் தப்புக் கணக்குப் போடுதிய அண்ணாச்சி," என்றார் மந்திரமூர்த்தி பரிதாபமாக. "உள்ள கூட இருக்கவன் கொஞ்ச மாசத்துல ரிலீஸ் ஆயிருவான். அடுத்தவன் வருவான். அவனும் போயிருவான். மணி அடிச்சா எங்க நிக்கணும், தட்டை எங்க கழுவணும்னு வாரவனுக்கெல்லாம் சொல்லிக் குடுக்கதே ஆயுள்காரவுகதான்!"

காஜா இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டார்.

"மேடம்... கொஞ்சம் கூட்டி எழுதி, எனக்குத் தூக்கே வாங்கிக் குடுத்துருங்களேன்!"