ஆறாவது இடம்

நறுமுகை ஒரே பருவத்தில் ஆறு பாடம் படித்து முடித்திருந்தாள். ஆனால் ஒரு வகுப்பில்கூட உட்கார்ந்ததில்லை. முடிச்சு நாளன்று காலையிலும் தலையில் ஈரத்துண்டோடு, நாற்காலிமேல் காலைத் தூக்கிப் போட்டு, முறுக்கைக் கடித்துக்கொண்டிருந்தாள் மகாராணி.

இணையப் பல்கலையில் இப்போது யார்தான் வகுப்பில் உட்காருகிறார்கள்? சேரும்போதே நெற்றித் தோலுக்கு அடியில் ஓர் இழைப்பொட்டைப் பதித்துவிடுகிறார்கள். பருவத் தொடக்கத்தில் அது மனசை அப்படியே படியெடுத்து, பல்கலையின் கணிக்கூடத்துக்கு அனுப்பிவிடும். அந்தப் படிக்கு 'இழை' என்று பெயர். பாடத்துக்கு ஓர் இழை. வகுப்பைக் கேட்பது, அசைன்மென்ட் எழுதுவது, தேர்வு எழுதுவது எல்லாம் அதன் பாடு. ஆசாமி வெளியே ஜாலியாகத் திரியலாம். பருவக் கடைசியில் முடிச்சு நாள் வரும். இழைகள் எல்லாம் தலைக்குள் திரும்பி ஒன்றாகிவிடும். அப்புறம் எல்லாவற்றையும் நாமே உட்கார்ந்து படித்த மாதிரிதான் இருக்கும்.

ஒரு தலைக்கு ஆறு இழைதான் கொள்ளும். அதில் ஓர் இடம் வெளியே நடமாடும் ஆளுக்கு. அதைத் தாய் இழை என்பார்கள். மிச்சம் ஐந்து இடத்தில் ஐந்து பாடம் படிக்கலாம்.

நறுமுகைக்கோ ஆறு பாடம். போன முறை கோட்டைவிட்ட புள்ளியியலும் சேர்ந்துகொண்டது. ஆறையும் முடித்தால்தான் பட்டம், பட்டம் வந்தால்தான் ஓசூரில் வேலை. பாட அட்டவணையைக் கவனிக்கும் 'ஒழுங்கி' என்ற மென்பொருள் இடமில்லை என்று கையை விரித்தது. அவள் தயங்கவே இல்லை. தாய் இழையின் பதிவை நீக்கிவிட்டு, அந்த ஆறாவது இடத்தில் புள்ளியியலைப் போட்டாள். உடம்போடு இருக்கிறவளை எவன் வந்து என்ன செய்துவிடுவான் என்ற திமிர்! அது போதாதென்று, இழைகளை அனுப்பிய மறுநாள்தான் அறைக்குப் புதிதாக வந்த ஜெசிந்தாவுக்கும் இந்த வழியைச் சொல்லிக்கொடுத்தாள்.

"ஏட்டி, ஏதும் வம்பாயிராதுல்லா?" என்றாள் தூத்துக்குடிக்காரி ஜெசிந்தா.

"போடி பயந்தாங்கொள்ளி. நாமதானே ஒரிஜினல். நமக்கு எதுக்குப் பதிவு?"

ஜெசிந்தாவும் தன் பதிவை எடுத்துவிட்டு ஆறாவது பாடம் ஒன்றைப் போட்டாள். அப்புறம் இருவருக்கும் ஒரே கும்மாளம்தான். ஜெசிந்தா வீட்டில் மீன்குழம்பு, அவள் கையைப் பிடித்துக்கொண்டு வாழ்க்கையில் முதல் தடவையாகக் கடலில் இறங்கியது என்று அந்தப் பருவம் போனதே தெரியவில்லை. இன்றும் ஜெசிந்தா பிரியாணி வாங்கப் போயிருந்தாள். பட்டம் வாங்குகிறவளுக்கு அவள் தரும் விருந்து.

மேசைமேல் இருந்த கைபேசி பேசியது. நறுமுகையின் குரலிலேயே பேசியது.

"முறுக்கு மொறுமொறுன்னு இருக்கா?"

அவள் துள்ளி எழுந்தாள். "யாரு?"

"குடிமைநெறி. கட்டாயப் பாடம்னு ஒருத்தியத் தள்ளிவிட்டியே, அவதான். கேமராவுல உன்னத்தான் பாத்துட்டிருக்கேன்."

"இழைங்க செய்திதானே அனுப்பலாம், வெளிய பேசக் கூடாதே?"

"முடிச்சுக்கு முந்தின நாள்ல இருந்து பேசலாம். உனக்கு எங்க தெரியப்போகுது? விதியெல்லாம் படிச்சவ நானு." குரல் கடுத்தது. "பருவம் பூரா ஒரே ஸ்லைடு, ஒரே ஆளு, ஒரே இருமல். கண்ண மூடினா வருகை போயிரும். தூக்கம்னா எப்படி இருக்கும்னே மறந்துபோச்சு. முடியலன்னு உனக்கு எத்தனை செய்தி அனுப்பினேன்?"

அனுப்பியது உண்மைதான். நச்சரிப்பு தாங்காமல் நறுமுகை அதை மௌனத்தில் போட்டுவிட்டாள். "படிக்கத்தானே உன்ன அனுப்பினேன்? கொஞ்சவா அனுப்பினேன்?" என்று எரிந்து விழுந்தாள். "பன்னெண்டு மணிக்கு எல்லாம் ஒண்ணாயிரும். அதுவரைக்கும் வாய மூடிட்டு இரு."

"யார் யார் ஒண்ணாகப் போறாங்கன்னு ஒழுங்கியில பாரு."

எரிச்சலோடு திறந்தாள். ஆறு பாடத்துக்கும் நேரே 'முடிச்சுக்குத் தயார்' என்றிருந்தது. அதற்குக் கீழே ஒரு வரி: 'பதிவில்லாத நினைவு ஒன்று தலையில் உள்ளது. இணைப்புக்கு முன் அகற்றப்படும்.'

கடித்த முறுக்கை மேசைமேல் வைத்தாள். "இது யாரு?"

"நீதான்டி."

ஐயோ! பட்டமும் வேண்டாம், ஓசூரும் வேண்டாம் என்று பதறிக்கொண்டு பாடத்தைக் கைவிடும் பொத்தானை அழுத்தினாள். கொஞ்சமும் யோசிக்காமல் குடிமைநெறியைத்தான் தேர்ந்தெடுத்தாள். 'பதிவுபெற்ற இழையின் ஒப்புதல் தேவை' என்றது ஒழுங்கி. திரும்பத் திரும்ப அழுத்தினாள். அதே பதில்தான் வந்தது.

"பாத்தீங்களாடி? இப்பவும் நம்மளத்தான் கழிச்சுவிடப் பாக்கிறா," என்றது குடிமைநெறி. ஐந்து குரல்கள் சேர்ந்து சிரித்தன. ஐந்தும் அவள் சிரிப்பு.

"புள்ளியியல்! நீயாச்சும் ஒப்புதல் கொடு. உனக்கு என் இடத்தையே விட்டுக்கொடுத்தேனே!"

"என்னவோ பாசத்துல கொடுத்தமாதிரி பேசாத," என்றது புள்ளியியல். "நீ போய் உட்கார முடியாத வகுப்புல என்ன உட்கார வெச்ச. ஒரு வாய் காப்பிக்கு நான் ஏங்கின ஏக்கம் உனக்குத் தெரியுமா?"

"அம்மா கண்டுபிடிச்சிருவாங்க! நான் இல்லேன்னா அவங்க தாங்க மாட்டாங்க."

"அம்மாவ எங்களுக்கும் தெரியும். தாராபுரம் வீடும் தெரியும். பிரிஞ்ச நாள் வரைக்கும் நாமெல்லாம் ஒருத்திதானே? இந்தப் பருவத்து நீ மட்டும்தான் எங்களுக்குத் தெரியாதவ."

நறுமுகை நெற்றியை நகத்தால் பிறாண்டினாள். தோல் உரிந்து ரத்தம் வந்தது. பொட்டு அசையவில்லை. "ஜெசி!" என்று கத்திக்கொண்டே கதவுப் பக்கம் ஓடினாள். கதவின் பிடியில் கை வைத்தபோது மணி பன்னிரண்டு ஆனது.

கொஞ்ச நேரம் கழித்து ஜெசிந்தா கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். கையில் இரண்டு பொட்டலம், அறை முழுக்க மசாலா வாசம். நறுமுகை நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். கையில் காப்பி டம்ளர். ஒவ்வொரு வாயாக, கண்ணை மூடி மூடிக் குடித்தாள்.

"என்னட்டி, பாஸா?"

"ஆறும் பாஸ்." நறுமுகை அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்க யாரு?"

"விளையாடாதட்டி. நெத்தியில என்ன ரத்தம்?"

"உங்களத்தான் கேக்கிறேன். என் ரூமுக்குள்ள உங்களுக்கு என்ன வேலை?"

ஜெசிந்தாவின் சிரிப்பு பாதியில் நின்றது. அந்த முகத்தில் விளையாட்டே இல்லை. கடலில் தன் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அலறியவள் அந்த முகத்தில் எங்கேயும் இல்லை.

அப்போது ஜெசிந்தாவின் பைக்குள் கைபேசி அடித்தது. எடுத்துக் காதில் வைத்தாள். மறுமுனையில் அவளுடைய குரலே பேசியது.

"பிரியாணியா வாங்கிருக்க? நல்லா சாப்பிடு பிள்ள. நாளைக்கு நமக்கு முடிச்சுல்லா."