கரகரத்த எஸ்.எஸ்.டி.

"திருடிட்டான் மேடம், என் சொந்த மச்சானே!"

நாற்காலியில் உட்காரக்கூடப் பொறுமையின்றிக் குமுறினார் கட்டட வரைபட அலுவலகத்தின் உரிமையாளர். துப்பறியும் நிலையத்தை நடத்திவந்த சகோதரிகளில் மூத்தவள் அமைதியாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். இளையவளோ அதற்குள் குறிப்பேட்டில் 'குற்றவாளி: மச்சான்' என்று எழுதி அடிக்கோடும் இட்டுவிட்டாள்.

விவகாரம் இதுதான். அவருடைய கணினி ஒன்றினுள் மூன்று மெய்நிகர் கணினிகள், ஒரே வீட்டில் மூன்று குடித்தனங்கள்போல் இயங்கிவந்தன. வரைபட வேலை முழுவதும் அவற்றில்தான். பழைய ஹார்டு டிஸ்க்கில் அவை ஆமையாய் ஊர்ந்ததால், மூன்று வாரங்களுக்கு முன் வேகமான எஸ்.எஸ்.டி. ஒன்றை வாங்கி, மனைவியின் தம்பியிடம் மாட்டச் சொன்னார். வேகம் இம்மியும் கூடவில்லை.

"ஒரு மெஷின் திறக்கறதுக்குள்ள டீ ஆறிப்போகுது. பெட்டி கரகரன்னு இழுக்குது. நல்ல டிரைவை வீட்டுக்குக் கொண்டுபோயிட்டு, போலியை மாட்டிட்டான். சாயங்காலம் பழைய டிஸ்க்கை அழிச்சுக் குடுத்துட்டு வேலையை விட்டுப் போடான்னு சொல்லிட்டேன்."

சகோதரிகள் அவரோடு அலுவலகத்துக்குப் போனபோது, மச்சான் தன் மேசையைக் காலிசெய்து தோள்பையில் திணித்துக்கொண்டிருந்தான். திரையின் ஓரத்தில், உரிமையாளரின் கையெழுத்தில் ஒரு மஞ்சள் சீட்டு: 'என் ஐகான்கள்மேல் யாரும் கைவைக்கக் கூடாது.'

"மூணையும் புதுசுல காப்பி பண்ணேன் அத்தான். எத்தனை தடவை தொண்டை கிழியச் சொல்றது?"

இளையவள் பெட்டியைத் திறந்து பார்த்தாள். எஸ்.எஸ்.டி. அசல்தான். விசிறியில் தூசி அடைத்திருக்குமோ? அதுவும் இல்லை. "சே! எந்தப் பக்கம் போனாலும் சுவரு, அக்கா."

மூத்தவள் எஸ்.எஸ்.டி.யிலிருந்த கோப்புகளைத் திரையில் காட்டச் சொன்னாள். மூன்று மெய்நிகர் கணினிகளும் அதில் இருந்தன.

"கடைசியா மாறின தேதி?"

"மூணு வாரம் முன்னாடி" என்றாள் இளையவள்.

"நேத்து இதுல வேலை நடந்துச்சா?"

"நாள் பூரா!" என்றார் உரிமையாளர்.

"அப்ப தேதி நேத்தைக்கு மாறியிருக்கணுமே. எஸ்.எஸ்.டி.க்குள்ள சுத்துற தட்டே கிடையாது. அது எப்படிக் கரகரக்கும்? சத்தம் பெட்டிக்குள்ள இன்னும் இருக்கிற பழைய டிஸ்க்கோடது. புதுசுல இருக்கிற நகல் ஒருநாள்கூடக் கண் முழிக்கல. நீங்க தினமும் அழுத்துற ஐகான் மூணும் இன்னும் பழைய இடத்துக்குத்தான் வழி காட்டுது."

"ஏன்யா மாத்தல?" இளையவள் மச்சான்மேல் பாய்ந்தாள்.

மூத்தவள் மஞ்சள் சீட்டைச் சுட்டினாள். "எழுதி ஒட்டியிருக்கே. நகல் எடுத்தாப் போதும்னு முதலாளி நினைச்சுட்டார். சாயங்காலம் அந்த டிஸ்க்கை அழிச்சிருந்தா, மூணு வார வரைபடமும் போயிருக்கும்."

அன்று முதன்முறையாக உரிமையாளர் உட்கார்ந்தார்.

இளையவள் எரிச்சலோடு குறிப்பேட்டில் 'மச்சான்' என்பதை அடித்தாள். மச்சான் பையைக் கீழே வைக்கவில்லை.

"சாயங்காலம் அழிக்கணுமா அத்தான்?"

"டேய், விளையாடாதே! இன்னைக்கு வரைக்கும் இருக்கிறதைப் புதுசுக்கு மாத்திக் குடு."

"ஐகானைத் தொடலாமா?"

"தொட்டுத் தொலைடா!"

மச்சான் அசையவில்லை. உரிமையாளர் பெருமூச்சுடன் எழுந்து, மஞ்சள் சீட்டைத் தம் கையாலேயே கிழித்தார். அதன் பிறகுதான் பை தரைக்கு வந்தது.