நெகோமோரி கணவாயில் மூன்றாவது கியர்

நாட்சுகோவும் தம்பி தெப்பெய்யும் நெகோமோரி கணவாயின் உச்சிக்கு வந்து சேர்ந்தபோது பிற்பகல்தான். ஆனால் மூடுபனி மலையைப் பாதி விழுங்கியிருந்தது. அங்கிருந்த கடையில் சூடாக உடோன் நூடுல்ஸ் சாப்பிட்டுவிட்டு, அவள் பழைய வெள்ளைக் காரை இறக்கத்துக்குத் திருப்பினாள்.

இதுவரை ஆட்டோமேட்டிக் மட்டுமே ஓட்டியவள். கணவனைப் பிரிந்த மறுமாதமே இந்தக் கியர் காரை செகண்ட் ஹேண்டில் வாங்கினாள். "உனக்கு இதெல்லாம் வராது" என்று அவன் சொன்னவற்றில் இதுவும் ஒன்று.

"வளைவுக்கு முன்னாடியே கியரக் குறைக்கணும்" என்றான் தெப்பெய். "கிளட்ச மிதி. ஆக்ஸிலரேட்டர ஒரு தட்டு தட்டு. மூணுல போடு. அப்புறமா கிளட்ச விடு."

வண்டி துள்ளியது. அவன் தலை முன்னால் போய் வந்தது.

"அக்கா, கியர் போடுறியா, முள்ளங்கி நறுக்குறியா?"

"வாய மூடுடா. இல்லன்னா நடந்துதான் வருவ."

அடுத்த வளைவிலும் அதே துள்ளல். பயத்தில் அவள் பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தாள். கருகிய வாடை உள்ளே ஏறியது. அதனூடே இன்னொரு வாடையும் வந்தது. நனைந்த தோல் கையுறை வெகுநாள் மூடிக்கிடந்து பூஞ்சை பூத்தது போல.

அதற்கடுத்த வளைவில் எஞ்சின் ஒருமுறை உறுமியது. கியர் சத்தமில்லாமல் மூன்றில் விழுந்தது. வண்டி குலுங்கவே இல்லை.

"அடேங்கப்பா. இப்பதான் ஓட்டுற."

நாட்சுகோ தன் வலது காலைக் குனிந்து பார்த்தாள். அவள் ஆக்ஸிலரேட்டரைத் தொடவே இல்லை.

கியர் குமிழின் மேலிருந்த அவள் கையை வேறொரு கை மூடியிருந்தது.

கண்ணுக்குத் தெரியவில்லை. எடையும் குளிரும் மட்டும்.

"தெப்பெய், உன் கை எங்க?"

"மடியில. ஏன்?"

அந்தப் பிடி இறுகியது. அவள் விரல் எலும்புகள் நெரிந்தன. குமிழ் தானாக நகர்ந்து நியூட்ரலுக்கு வந்தது. எஞ்சினின் இழுப்பு அறுந்து, வண்டி சரிவில் வேகமெடுத்தது. பிரேக்கை மிதித்தாள். அது பஞ்சு போல அடிவரை போயிற்று.

"கியரப் போடு அக்கா. விளையாடாத."

"விட மாட்டேங்குது."

அவன் கை நீட்டி அவள் கைமேல் வைக்கப் போனான். அது நடுவிலேயே எதன்மேலோ பட்டு நின்றது.

"இது யாரு கை?"

அவன் குரல் காற்றாகத்தான் வந்தது.

பின்னிருக்கையில் யாருமில்லை. ஆனால் அவள் காதோரம் மூச்சுப் பட்டது, கூடவே ஒரு குரலும் வந்தது.

"இறங்கு. என் வண்டிய விட்டு இறங்கு."

பனிக்குள்ளிருந்து தடுப்புக் கம்பி வெளிப்பட்டது. அதற்கப்பால் வெறும் வெண்மை. அவள் குமிழைத் தள்ளத் தள்ள உள்ளே பற்கள் நறநறத்தன. கணவன் வாயிலிருந்து இதே சொல்லைக் கேட்டு இந்த வருடம் ஒரு வீட்டை விட்டு இறங்கியிருந்தாள். பயத்துக்கு அடியிலிருந்து கோபம் கிளம்பியது.

"இறங்க மாட்டேன்" என்றாள்.

தள்ளுவதை நிறுத்தினாள். கிளட்சை மிதித்தாள். ஆக்ஸிலரேட்டரை ஒரே தட்டு. எஞ்சின் ஓசை ஏறி வண்டியின் வேகத்தோடு ஒன்றும்வரை பொறுத்து, குமிழை லேசாகச் சாய்த்தாள்.

மூன்று விழுந்தது.

மறுபடி அப்படியே. இரண்டு.

எஞ்சின் அலறி வண்டியைப் பிடித்து நிறுத்தப் பார்த்தது. பின்பக்கம் கம்பியில் உரசித் தீப்பொறி பறக்க, வளைவைக் கடந்தார்கள். கைமேலிருந்த எடை விலகியது.

அடிவாரத்தில் சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டு, ஒருவரையொருவர் பார்க்காமல் பேருந்துக்கு நடந்தார்கள். அவள் விரல்கள் வீங்கியிருந்தன. அந்த வாரமே காரைக் காயலான் கடையில் நசுக்க வைத்தாள். தகடாகும் வரை நின்று பார்த்தாள்.

மறுவாரம், நல்ல வெயிலில், அலுவலகத்தின் ஆட்டோமேட்டிக் காரில் பாலத்திலிருந்து இறங்கினாள். கீழே சிவப்பு விளக்கு. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாள்.

எஞ்சின் தானாக ஒருமுறை உறுமியது.

தரைவிரிப்பில் சும்மா கிடந்த அவள் இடது காலை ஏதோ ஒன்று மேலிருந்து பிடித்து, அந்தக் காரில் இல்லாத கிளட்சை மெதுவாக, அடிவரை மிதிக்க வைத்தது.