ஓடாமல் சூடான எஞ்சின்

பட்டறை ஷட்டருக்கு உள்ளே போன் அடித்தது.

அடித்தது... அடித்துக்கொண்டே இருந்தது.

வெளியே நின்று அந்தப் போனுக்கு அழைத்துக்கொண்டிருந்தவர் மீட்டர். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. ரேஸ் கார் எஞ்சின் எத்தனை மணி நேரம் ஓடியது என்று வருடக்கணக்கில் நோட்டில் எழுதி எழுதியே அந்த மெக்கானிக்குக்கு இந்தப் பட்டம் ஒட்டிக்கொண்டது. தோளில் டீ ஃப்ளாஸ்க். கையில் புது ஆயில் கேன்.

காலை மணி ஏழு. இந்நேரம் முதலாளி மாடி அறையிலிருந்து இறங்கி வந்து, ஷட்டரைத் தூக்கி, "வாய்யா" என்றிருக்க வேண்டும்.

மீட்டர் கேனைச் சுவரோரம் வைத்தார். தன்னிடம் இருந்த சாவியைப் போட்டு ஷட்டரைத் தூக்கினார்.

முதலாளி உள்ளேதான் இருந்தார்!

ரேஸ் கார் சீட்டில் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து... சட்டைப் பையில் போன் மினுக்கிக்கொண்டிருந்தது.

மீட்டர் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். சில்லிட்டிருந்தது. தொட்ட கையை எடுக்க அவருக்கு மனம் வரவில்லை.

எட்டு மணிக்குள் போலீஸ் வந்துவிட்டது. இன்ஸ்பெக்டர் அம்மாவுக்கு நாற்பது வயதிருக்கும். அதிகம் பேசாத ரகம். எஞ்சின் மேல் உள்ளங்கையை வைத்தார்.

"இன்னும் சுடுது. ஸ்விட்ச் ஆன்ல இருக்கு, பெட்ரோல் காலி. ஷட்டரை மூடிட்டு வண்டியை ஓட விட்டிருக்கார்... புகையிலேயே போயிட்டார்."

"அண்ணி விட்டுட்டுப் போனதுலேர்ந்தே அவன் ஆளே இல்ல மேடம்."

சொன்னவர் முதலாளியின் தம்பி. பட்டறையில் எல்லாருக்கும் சின்னவர். அண்ணன் காரை ரேஸில் ஓட்டுகிறவர். வலது கை ஜாக்கெட் பாக்கெட்டில் இருந்தது. இடது கையால் கண்ணைத் துடைத்தார்.

"ஒத்தை ரூம்ல ஒத்தை ஆளா கிடந்தான். நான்தான் கவனிச்சிருக்கணும். மேடம்... உடம்பை அறுக்காம குடுத்துட முடியுமா?"

ஒத்தை ஆள் என்றால் என்னவென்று மீட்டருக்குத் தெரியும்.

மனைவி போய்ச் சேர்ந்து நான்கு வருடம். வெளிநாட்டில் இருக்கும் மகள் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை போன் செய்வாள். அவருக்கு நாள் என்று ஒன்று இருந்தது என்றால் அது இந்தக் காலை நேரம்தான். எஞ்சின் ஹீட்டரைச் சொருகிவிட்டு நாற்பத்தைந்து நிமிடம் காத்திருக்க வேண்டும். அவரும் முதலாளியும் ஆளுக்கொரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து டீ குடிப்பார்கள்.

தற்கொலை என்றால்... அத்தனை காலையும் முதலாளிக்கு ஒன்றுமே இல்லையா? தன்னிடம் ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லையா?

முகத்தைப் பார்க்க முடியாமல் பார்வையைத் திருப்பினார். பத்து வருடப் பழக்கம். எஞ்சின் ஓடிய மணிக்கணக்கைக் காட்டும் மீட்டருக்குக் கண் தானாகப் போனது.

38.6

பையிலிருந்து நோட்டை உருவினார். நேற்றைய கணக்கு... அதே 38.6!

"மேடம், இந்த எஞ்சின் ஓடவே இல்ல."

இன்ஸ்பெக்டர் திரும்பினார். "என்ன சொல்றீங்க?"

"எஞ்சின் சுத்தினாத்தான் இந்த மீட்டர் நகரும். நாப்பது மணி ஓடிட்டா எஞ்சினைப் பிரிச்சுப் பாக்கணும். அதனால ஆறு நிமிஷம் ஓடினாக்கூட ஒரு புள்ளி ஏறிடும். ஏறவே இல்ல. பெட்ரோலும் நாங்க எப்பவுமே வடிச்சிட்டுத்தான் நிறுத்துவோம்."

"அப்புறம் எப்படி சுடுது?"

"சூடு பண்ணியிருக்காங்க. ஆயிலும் தண்ணியும் சில்லுன்னு இருக்கறப்ப ரேஸ் எஞ்சினை எடுத்தா உள்ள தேஞ்சு போயிடும். அதனால தண்ணிக்கு ஒரு ஹீட்டர், ஆயில் டேங்க்கைச் சுத்தி ஒரு ஹீட்டர் பட்டை. ரெண்டுக்கும் ஒரே பிளக். சொருகினா சத்தமே இல்லாம சூடாயிடும்."

"அப்ப இது கொலை."

"ஆமா மேடம்."

"ஹீட்டர் போடறது யாரு?"

"நான்தான்."

"ஷட்டர் சாவி?"

"மூணு. முதலாளிகிட்ட, சின்னவர்கிட்ட... என்கிட்ட."

"தற்கொலைன்னு மூட இருந்த கேஸ். நீங்களே கொலைன்னு நிரூபிச்சீங்க. ஆளையும் நீங்களே காட்டறீங்க."

மீட்டருக்கு அப்போதுதான் உறைத்தது. சொந்தச் செலவில் சூனியம்!

சின்னவர் முந்திக்கொண்டார். "நான் ஜென்மத்துல சூடு பண்ணினதில்ல மேடம். அப்படி ஓட்டியே ரெண்டு எஞ்சினைக் கெடுத்தேன். நேத்து சாயங்காலம்கூட, இனிமே நீ வண்டியில உக்காராதேன்னு அண்ணன் சொல்லிட்டான். வேணும்னா மீட்டர் அண்ணனையே கேளுங்க."

"உண்மைதான்," என்றார் மீட்டர். அவருக்குப் பொய் சொல்லி வழக்கமில்லை.

கான்ஸ்டபிள் மீட்டரின் பக்கத்தில் வந்து நின்றார்.

"ஒரு நிமிஷம் மேடம். அந்தப் பட்டையை மட்டும் பாத்துக்கறேன்."

ஹீட்டர் பட்டை சுவரில் அதன் ஆணியில்தான் தொங்கியது. ஆனால் மடிப்பு தலைகீழாக இருந்தது. எடுத்தார். கருகல் வாடை. உள்பக்கம் உருகிக் குழைந்து போயிருந்தது.

ஏன் உருக வேண்டும்?

ஷட்டருக்கு வெளியே, சுவரோரம் பார்த்தார். காலையில் வைத்த கேன் அங்கேயே இருந்தது. வந்த பதற்றத்தில் அதைச் சுத்தமாக மறந்துவிட்டிருந்தார்.

"மேடம், அந்த ஆயில் டேங்க் மூடியைத் திறந்து பாருங்க."

இன்ஸ்பெக்டர் திறந்து டார்ச் அடித்தார். "காலி."

"நேத்து சின்னவர் கோவிச்சுட்டுப் போன அப்புறம் நான்தான் பழைய ஆயிலை இறக்கினேன். புதுசு ஊத்தத்தான் கேனோட வந்தேன். காலி டேங்க்ல பட்டையைப் போட்டா கருகிடும். இறக்கினவனே அதைச் செய்வானா?"



"ஆயில் இல்லைன்னு தெரியாத ஆளு போட்டிருக்கான்," என்றார் இன்ஸ்பெக்டர் மெதுவாக. "ஆற விட்டுக் கழட்டியிருக்கலாமே?"

"ஏழு மணிக்கு நான் வந்துடுவேனே மேடம்."

"அவசரம். உருகினதைக் கையால பிச்சு எடுத்திருக்கான்..."

இன்ஸ்பெக்டர் நிதானமாகத் திரும்பினார்.

"சின்னவரே. வந்ததுலேர்ந்து வலது கை பாக்கெட்லயே இருக்கு. குளிருதா?"

கான்ஸ்டபிள் கையை வெளியே இழுத்தார்.

விரல் நுனியிலிருந்து மணிக்கட்டு வரை கொப்புளம்!

அதன் பிறகு எல்லாம் கடகடவென்று வந்தது. ராத்திரி சமாதானம் பேச வந்தது, பாலில் தூக்க மாத்திரை, முகத்தில் தலையணை, பிறகு கார் சீட்டு.

"ஸ்டார்ட் பண்ணா நாலு தெரு முழிச்சுக்கும். சூடா இருந்தா போதும், ஓடினதா நம்பிடுவாங்கன்னு நெனச்சேன். அந்த சீட்டைத் தவிர எனக்கு வேற என்ன இருக்கு?"

ஜீப் போனது. ஆம்புலன்ஸும் போனது. மீட்டர் பெட்டியைக் கவிழ்த்து உட்கார்ந்தார். பழக்க தோஷத்தில் இரண்டு கப்பில் டீயை ஊற்றிவிட்டு, இரண்டாவது கப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

நோட்டை வாங்கிப் போக நின்றிருந்த இன்ஸ்பெக்டர் எதிர்ப் பெட்டியில் உட்கார்ந்து அந்தக் கப்பை எடுத்துக்கொண்டார்.

"தினமும் நாப்பத்தஞ்சு நிமிஷம் ரெண்டு பேரும் என்னதான் பேசுவீங்க?"

"பெருசா ஒண்ணும் இல்ல மேடம். சூடாயிடுச்சான்னு கேப்பார். இன்னும் இல்லம்பேன்."

"இதுக்கா தினமும் மாடியிலேர்ந்து இறங்கி வந்தார்?"

"இதுக்குத்தான் நானும் வந்தேன்."

மீட்டரின் கண் கலங்கியது. மறைக்கவில்லை. கருகிய பட்டையைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டார்.

"சூடு பண்ணிட்டு எடுங்க, சூடு பண்ணிட்டு எடுங்கன்னு சின்னவர்கிட்ட தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன் மேடம். வாழ்க்கையில முதல் தடவையா இன்னைக்குத்தான் பேச்சைக் கேட்டிருக்கார்... அதுலயும் ஆயில் இருக்கான்னு பாக்கல!"