நிக்கட்டுமா, சிஸ்டர்?

விடுப்பு முடிந்து சிஸ்டர் வேலைக்குத் திரும்பிய அன்று மழை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. மருத்துவமனையின் பழைய கட்டடத்துக்குள் நுழைந்து, குடையை உதறிச் சுவரோரம் சாத்திவிட்டு, அந்த நீளமான நடைக்கூடத்தைப் பார்த்தாள். எல்லாம் போட்டது போட்டபடி இருந்தது. இந்த முனையில் அவளுடைய நாற்காலியும் சின்ன மேசையும். அந்த முனையில், சாலையில் பள்ளம் தோண்டினால் வைப்பார்களே, அந்த மாதிரி ஒரு சிவப்புக் கூம்பு. கூரையில் இருந்த குழல்விளக்குகளில் பாதி எரிந்தன, பாதி எரியலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தன. வெளியே இன்னும் பகல்தான். உள்ளே அதை யாரும் நம்பமாட்டார்கள்.

அவளுடைய வேலை, சுருக்கமாகச் சொன்னால், ஆட்களை நடக்கவைப்பது. இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாய் சிலருக்கு வீங்கிப் புடைத்துவிடும். நெஞ்சைத் திறந்து, அந்த இடத்தை வெட்டி எடுத்துத் துணிக்குழாய் வைத்துத் தைப்பது பழைய முறை. தொடை வழியாக உள்ளே குழாயைச் செலுத்துவது புதிய முறை. எந்த முறையில் பிழைத்தவர்கள் பிற்பாடு நன்றாக இருக்கிறார்கள் என்று கண்டுபிடிக்கப் பெரிய டாக்டர் ஓர் ஆராய்ச்சி நடத்தினார். சம்மதித்தவர்கள் அவ்வப்போது வந்து, நாற்காலிக்கும் கூம்புக்கும் இடையே ஆறு நிமிடம் நடக்க வேண்டும். எத்தனை சுற்று என்று சிஸ்டர் எண்ண வேண்டும்.

கூடவே நடக்கக் கூடாது. பேச்சுக் கொடுக்கக் கூடாது. ஒருவரிடம் சிரித்துப் பேசி இன்னொருவரிடம் முறைத்தால், சிரிப்பைக் கண்டவர் கூடுதலாக நடந்துவிடுவாராம். அதனால் எல்லாருக்கும் ஒரே குரலில், அட்டையில் எழுதியிருக்கும் ஒரே வாசகம்தான்: "நல்லா நடக்கிறீங்க. அப்படியே தொடருங்க."

வலிக்கிறது என்று யாராவது சொன்னால் அந்த நொடியே நிறுத்தி, டாக்டரைக் கூப்பிட வேண்டும்; முதுகில் வலி என்றால் அந்தக் குழாய் கிழியத் தொடங்கியிருக்கலாம். அதுவும் விதிதான்.

அந்த விதியைத்தான் அவள் காற்றில் பறக்கவிட்டாள்.

நடக்க வந்தவர்களில், பஸ்ஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் இருந்தார். கண்டக்டர் என்றால்தான் எல்லாருக்கும் தெரியும். முதுகில் தைலம் மணக்க மணக்க வருவார். அவருடைய இடது செருப்பு ஒவ்வோர் அடிக்கும் கீச்சென்று முனகும். கூம்பைச் சுற்றித் திரும்பும்போதெல்லாம் பழக்க தோஷத்தில், "போலாம், ரைட்" என்பார். "ஆயுசு பூரா அடுத்தவங்களை நிறுத்தி இறக்கிவிட்டவன் நான். இப்ப என்னை நிறுத்த உங்க உத்தரவு வேணும், பாத்தீங்களா சிஸ்டர்" என்று சிரிப்பார்.

கடைசியாக வந்த அன்றும் அப்படித்தான் சிரித்துக்கொண்டு தொடங்கினார். அதற்கு முந்தைய நாள்தான் பெரிய டாக்டர் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் அவளை வறுத்தெடுத்திருந்தார். பாதியில் நின்ற நடைகள் அதிகமாகிவிட்டன, இப்படியே போனால் ஆராய்ச்சியை இழுத்து மூட வேண்டியதுதான் என்றார். கண்டக்டர் முடிக்கப்போகும் நேரத்தில் நடை தளர்ந்தது. கையைப் பின்னால் கொண்டுபோய் முதுகைப் பிடித்தார்.

"சிஸ்டர், முதுகுல யாரோ கத்தி வச்சு இழுக்கிற மாதிரி இருக்கு. நிக்கட்டுமா?"

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம்தான் இருந்தது.

"நல்லா நடக்கிறீங்க. அப்படியே தொடருங்க."

பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி தலையாட்டிவிட்டு அவர் தொடர்ந்தார். நடந்து முடித்தார். உட்கார்ந்து மூச்சு வாங்கியபின், "விட்டுடுச்சு சிஸ்டர்" என்றார். யாரையும் கூப்பிடாமல், கணினியில் 'தொந்தரவு ஏதுமில்லை' என்ற கட்டத்தைத் தட்டி, அவள் அவரை அனுப்பிவைத்தாள். அன்று சாயங்காலம் தன் வீட்டு மாடிப்படியில் தண்ணீர் கேனோடு விழுந்தவர் எழவே இல்லை. விஷயம் தெரிந்ததும் அவள் காய்ச்சல் என்று சொல்லி விடுப்பு எடுத்துக்கொண்டாள். காய்ச்சல் ஒன்றும் இல்லை. சோறு இறங்கவில்லை, அவ்வளவுதான்.

இன்றைக்கு நடக்க வந்தவள் ஒரு பேக்கரிக்காரம்மா. வாய் ஓயாதவள்.

"என்ன சிஸ்டர், இந்த இடம் என்னோட அடுப்பறையை விட இருட்டா இருக்கு. வழி தவறிப் போயிட்டேன்னா தேடி வருவீங்களா?"

"பேசாம நடக்கணும்மா. பேசினா மூச்சு வாங்கும்."

"பேசலைன்னாதான் எனக்கு மூச்சு முட்டும்" என்று முணுமுணுத்தபடி கிளம்பினாள்.

சிஸ்டர் கடிகாரத்தை ஓடவிட்டாள். மழைச் சத்தம். பேக்கரிக்காரம்மாவின் ரப்பர் செருப்புச் சத்தம். போனாள், திரும்பினாள், வந்தாள், மறுபடியும் போனாள். எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது.

அப்புறம் ஒரு வாசனை வந்தது.

தைலம்.

நனைந்த சுவரின் வாடைதான் என்று சிஸ்டர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நனைந்த சுவர் எங்கேயாவது தைலம் மணக்குமா? அவளுக்கே அது தெரிந்திருந்தது.

கீச்.

ரப்பர் செருப்பு அப்படிச் சத்தம் போடாது.

கீச். கீச்.

பேக்கரிக்காரம்மா கூம்பு அருகே தயங்கி, யாருக்கோ வழிவிடுவது போல ஒதுங்கினாள். திரும்பி வரும்போது முகத்தில் எரிச்சல்.

"சிஸ்டர், ஒரே நேரத்துல ரெண்டு பேரை நடக்க விடுவீங்களா? முன்னாடி போறவரு ஆமை மாதிரி போறாரு. திரும்புற இடத்துல இடிச்சுக்கப் பாத்தேன்."

சிஸ்டர் எட்டிப் பார்த்தாள். நடைக்கூடத்தில் பேக்கரிக்காரம்மாவைத் தவிர வேறு யாரும் இல்லை.

"யாரும் இல்லம்மா" என்றாள்.

"நல்லா இருக்கே. ஒரு கையால முதுகைப் பிடிச்சுக்கிட்டுப் போறாரே, பாவம். அவரை உட்காரச் சொல்லக்கூடாதா?"

பேக்கரிக்காரம்மா மறுபடியும் போனாள். இப்போது அவளுடைய நடையும் தளர்ந்தது. வாய் மூடிக்கொண்டது. பாதி வழியில் அவளுடைய கை மெதுவாகப் பின்னால் போய் முதுகைத் தொட்டது.

"சிஸ்டர், முதுகு இழுக்குது. நிக்கட்டுமா?"

அந்தக் கேள்வி இரண்டு குரலில் வந்தது.

"நல்லா நட..." என்று சிஸ்டரின் வாய் பழக்கத்தில் தொடங்கிவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். உப்புக் கரித்தது. எழுந்து கத்தினாள்.

"நில்லுங்க. நில்லுங்கம்மா, அப்படியே உக்காருங்க."

ஓடிப்போய்த் தாங்கிப் பிடித்தாள். தொலைபேசியில் கூப்பிட்டதும் வார்டு ஆள் தள்ளுநாற்காலியோடு வந்துவிட்டான். ஏறி உட்கார்ந்த பேக்கரிக்காரம்மா, வெளுத்த முகத்தோடு நடைக்கூடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க சொன்னீங்க, நான் நின்னுட்டேன்" என்றாள் மெதுவாக. "அவரு நிக்கலையே சிஸ்டர்."

தள்ளுநாற்காலி போய் மறைந்தது. கீச், கீச் என்ற சத்தம் கூம்புவரை போய்த் திரும்பியது.

சிஸ்டர் நாற்காலியில் விழுந்தாள். ஓடியிருக்கலாம். ஓடவில்லை. அப்போதுதான் பக்கத்துக் கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் வந்தாள். நனைந்த முக்காடு, கையில் ஒரு பை. கண்டக்டரின் மனைவி.

"இதைத் திருப்பிக் குடுக்கணும்னு சொன்னாங்க" என்று பையிலிருந்து ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியை எடுத்து மேசையில் வைத்தாள். வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ள ஆராய்ச்சியில் கொடுத்தது. "வீட்டுல வச்சிருக்க முடியல. யாரும் தொடாமலே ராத்திரியில உப்புது, அடங்குது. மெஷின் கெட்டுப்போச்சு போல."

சிஸ்டர் கருவியின் குழாயைச் சுருட்டி வைத்தாள்.

"நான்தான் அந்தக் கேனைத் தூக்கிட்டு வரச் சொன்னேன்" என்றாள் அவள். அழவில்லை, அழுது தீர்த்த குரல். "தண்ணி இல்லைன்னு கத்தினேன். கொஞ்சம் உக்காந்துட்டு வரேன்னாரு. நான் விடல. என் பையன் என் முகத்தைப் பாக்குறதில்ல. நீதாம்மா அப்பாவைக் கொன்னேங்குறான். பேசுறதையே விட்டுட்டான்."

கீச். அந்தப் பெண்ணுக்குப் பின்னால், மிக அருகில், செருப்பு நின்றது. தைல வாசனை மூச்சை அடைத்தது. அந்தப் பெண் மூக்கை உறிஞ்சி, சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போறேன் சிஸ்டர். அன்னைக்கு இங்க நடந்தப்ப வலிக்குதுன்னு ஏதாவது சொன்னாரா? சொல்லியிருந்தா, அது முன்னாடியே வந்த வலின்னு ஆகும். என் பையன்கிட்ட சொல்லிப் பாப்பேன்."

சொல்லிவிடு, சொல்லிவிடு என்று மனசு அடித்துக்கொண்டது. ஒரே ஒரு வார்த்தை. இந்த அம்மாவின் தலையிலிருந்து பாறாங்கல் இறங்கிவிடும். தன் தலையில் ஏறும். வேலை போகும், போலீஸ் வரும், பெரிய டாக்டர் கைகழுவிவிடுவார். இத்தனையும் ஒரு நொடியில் அவள் கண்முன் ஓடியது.

"இல்லம்மா" என்றாள் சிஸ்டர். "நல்லா நடந்தாரு."

அந்தப் பெண் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டாள்.

"அப்ப நான்தான்" என்றாள். பையை மடித்துக்கொண்டு, நடைக்கூடம் வழியாகவே வெளியேற நடந்தாள்.

சிஸ்டரால் தாங்க முடியவில்லை. இவ்வளவு கேவலமாகத் தன்னால் இருக்க முடியும் என்று அவள் நினைத்ததே இல்லை. எழுந்து பின்னால் விரைந்தாள். இப்போது சொல்லிவிடலாம். இப்போதும் நேரம் இருக்கிறது.

"அம்மா, நான் பொய் சொல்லிட்டேன். நில்லுங்க."

அந்தப் பெண் காதில் அது விழவில்லை. கூம்பைத் தாண்டி, அந்த முனையில் இருந்த கதவைத் திறந்து, மழைக்குள் போய்விட்டாள்.

சிஸ்டர் நடந்தாள். கூம்பு அதே தூரத்தில் இருந்தது. வேகமாக நடந்தாள். அதே தூரம். ஒருவழியாகக் கூம்பு வந்தபோது கதவு இருந்த இடத்தில் வெறும் சுவர் இருந்தது. அவளுடைய கால்கள் அவளைக் கேட்காமலே கூம்பைச் சுற்றித் திரும்பின.

"போலாம், ரைட்."

யாரோ காதோரம் சொன்னார்கள்.

எதிர்முனையில் அவளுடைய நாற்காலி காலியாக இருந்தது. மேசையில் இருந்த கருவியின் கைப்பட்டை, உள்ளே ஒரு கை இருப்பது போல மெல்ல உப்பியது. நிறுத்த மறந்த கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. அவள் நாற்காலிவரை போனாள். உட்கார முயன்றாள். கால்கள் திரும்பிக் கூம்பை நோக்கி நடந்தன. எத்தனை சுற்று என்று தெரியவில்லை, எண்ண வேண்டியவள் நடந்துகொண்டிருந்தாள்.

முதுகில், இரண்டு தோள்களுக்கும் நடுவே, ஏதோ ஒன்று கத்தி வைத்த மாதிரி இழுக்கத் தொடங்கியது.

கண்ணீர் வழிய, யாரும் இல்லாத நாற்காலியைப் பார்த்து அவள் கேட்டாள்.

"நிக்கட்டுமா?"

நாற்காலி கிறீச்சிட்டது. யாரோ வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார்கள். பிறகு, ஒரே சீரான குரலில், அட்டையைப் பார்த்துப் படிப்பது போலப் பதில் வந்தது.

"நல்லா நடக்கிறீங்க. அப்படியே தொடருங்க."