பன்னிரண்டு டிக்

மூன்றாவது முறையாகக் கம்பெனி கைமாறிய மறுவாரம், கழுத்தில் புது அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு அவள் மூன்றாம் மாடிக்கு வந்தாள். போட்டோ பழையதுதான், கம்பெனிப் பெயர் மட்டும் புதிது. இருபத்தாறு வருடமாக அதே பழைய மெயின்ஃப்ரேம் கணினி, அதே கறுப்புத் திரை, அதே பச்சை எழுத்து. முதலாளிகள்தான் வருவதும் போவதுமாக இருந்தார்கள்.

அந்தப் பழைய மென்பொருளைப் பார்த்துக்கொள்ள ஒரே ஒரு ஆள் போதும் என்று வாங்கியவர்கள் சொல்லிவிட்டார்கள். இருந்ததோ இரண்டு பேர்: அவளும், எதிர் சீட்டில் 'பூட்டு'ம். டிராயரைத் திறந்த கையோடு பூட்டிவிடுவார் என்பதால் அவருக்கு அந்தப் பெயர். வேலை போனால் அவளுக்குச் சம்பளம் மட்டும் போகாது. வாரம் மூன்று நாள் அப்பாவுக்கு நடக்கும் டயாலிசிஸ் கம்பெனி இன்சூரன்சில்தான் ஓடியது. அது நின்றால் அப்பா இல்லை.

அதனால்தான் அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போட்டாள்.

முன்பு மூன்றாவதாக ஒருவன் இருந்தான். அவளைவிடப் பத்து வயது இளையவன். எந்நேரமும் ஒரு கன்னத்தில் இருமல் மிட்டாயை ஒதுக்கிக்கொண்டு திரிவான். ஆட்குறைப்பில் முதலில் வந்தது அவன் பெயர். தனக்குத் தெரிந்ததையெல்லாம் பன்னிரண்டு அமர்வுகளில் அவளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும்; 'பெற்றுக்கொண்டேன்' என்று அவள் பன்னிரண்டு டிக் போட வேண்டும். அப்போதுதான் அவனுக்கு ரிலீவிங் லெட்டர், அது இருந்தால்தான் அடுத்த இடத்தில் வேலை.

"அக்கா, உட்காரலாமா?" என்று தினமும் வந்து நிற்பான்.

"நாளைக்குப் பாக்கலாம்ப்பா. தலைக்கு மேல வேலை கெடக்கு."

ஆறு வாரம் இழுத்தடித்தாள். அவன் சேர வேண்டிய இடத்தில் வேறு ஆளை எடுத்துக்கொண்டார்கள். அதற்கடுத்த வாரம், பஸ்ஸில் உட்கார்ந்தபடியே நெஞ்சுவலியில் போய்விட்டான். அவன் வேலையும் தெரிந்தவருக்கே சீட்டு என்று புது முதலாளிகள் படிவத்தைக் கேட்டபோது, ஒரே நிமிடத்தில் பன்னிரண்டு டிக்கையும் போட்டு அனுப்பினாள். கை கூசத்தான் செய்தது. இருந்தாலும் போட்டாள்.

திங்கட்கிழமை காலை, அவள் காலண்டரில் ஓர் அழைப்பு வந்திருந்தது. மதியம் மூன்று மணி, சின்ன மீட்டிங் ரூம். தலைப்பு, அமர்வு 1. அனுப்பியவர் பெயர் இருக்க வேண்டிய இடம் காலி.

பூட்டின் வேலை, வேறு யார்? டிக்கெல்லாம் பொய் என்று நிரூபித்துவிட்டால் சீட்டு அவருக்கு. கையும் களவுமாகப் பிடிக்கிறேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு மூன்று மணிக்குப் போய்க் கதவைத் திறந்தாள்.

யாரும் இல்லை.

ஒரு நாற்காலி மட்டும் மேசையிலிருந்து பின்னால் இழுபட்டிருந்தது. வெள்ளைப் பலகையில், கணினி இரவில் தானாக ஓட்டும் 'ஜாப்'களில் எதற்குப் பின் எது ஓட வேண்டும் என்று வரிசையாக எழுதியிருந்தது. தொட்டுப் பார்த்தாள். மை விரலில் ஈரமாக ஒட்டியது. ஏசிக் காற்றில் இருமல் மிட்டாய் வாசனை.

பத்து நிமிடம் காத்திருந்துவிட்டு எழுந்தாள். கடிகாரத்தில் மணி நான்கு.

நோட்டில் ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தது.

அவள் கையெழுத்தில்.

காபியில் எதையாவது கலக்கிறாரோ மனுஷன்? மறுநாள் காபியை நிறுத்தினாள். அன்றும் 'அமர்வு 2' என்று அழைப்பு வந்தது, ஒரு பக்கம் நிறைந்தது. போகாமல் இருக்கவும் பயம். அழைத்தும் வரவில்லை என்று மேலிடத்தில் போட்டுக்கொடுத்துவிட்டால்? ஐந்தாம் நாள் ஒரு ஜாப் பாதியில் நின்றுபோனது. புது கம்பெனி ஆட்கள் திருதிருவென்று விழித்தார்கள். அவள் இதுவரை தொட்டே பார்க்காத ஜாப் அது. விரல்கள் பாட்டுக்கு ஓடிச் சரிசெய்துவிட்டன. எல்லோரும் கைதட்டினார்கள். அவள் தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பதினோராவது அமர்வு முடிந்து வெளியே வந்தவள் நேராகப் பூட்டிடம் போனாள்.

"போதும் சார் உங்க விளையாட்டு. தினம் மூணு மணிக்கு என்ன நாடகம் இது?"

"நாடகமா?" அவர் நிஜமாகவே முழித்தார். டிராயரைத் திறந்து ஒரு தாளை எடுத்துக் காட்டினார். ராஜினாமாக் கடிதம். போன மாதத் தேதி. "எனக்கு வேற எடம் கெடச்சிருச்சு மேடம். இந்த சீட்டு எப்பவோ உங்களுதுதான்."

அப்படியானால் அந்தப் பொய்க்கே அவசியம் இருந்திருக்கவில்லை.

பூட்டு குரலைத் தாழ்த்தினார். "நானே கேக்கணும்னு இருந்தேன். தினம் அந்தக் காலி நாற்காலியைப் பாத்துத் தலையாட்டித் தலையாட்டி எழுதுறீங்க. இன்னிக்குக் கதவைத் திறந்தேன். 'இருங்க சார், இன்னும் ஒண்ணுதான் பாக்கி, அப்புறம் இவனை விட்டுடுறேன்'னீங்க. யாரை மேடம்?"

பன்னிரண்டாம் நாள் அவள் நோட்டை ஆபீசிலேயே போட்டுவிட்டு அரைநாள் லீவு எடுத்தாள். அப்பாவுக்கு டயாலிசிஸ் நாள். மூன்று மணிக்கு அந்த அறைப் பக்கமே இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

வார்டில் இயந்திரங்கள் சீராக ஓடிக்கொண்டிருந்தன. மருந்து நெடி. அதற்கடியில் இன்னொரு வாசனை.

அப்பாவின் கட்டிலருகே ஒரு ஸ்டூல் காலியாகக் கிடந்தது.

"இப்பத்தான் வர்றியாம்மா? உன் ஆபீஸ் பையன் ரொம்ப நேரமா நின்னுட்டிருந்தான்."

"எந்தப் பையன்ப்பா?"

"மிட்டாயை ஒதுக்கிக்கிட்டே பேசுறானே, அவன்தான். நல்ல மரியாதை. நீ உட்காரவே நேரம் குடுக்கலியாமே? 'இங்கயாவது உட்காரலாமா'ன்னு பாவமாக் கேட்டான்."

"நீங்க என்னப்பா சொன்னீங்க?"

"உட்காருப்பான்னேன்."

சுவர்க் கடிகாரத்தில் மணி மூன்று.

அப்பாவின் கண்கள் மூடிக்கொண்டன. "அப்பா!" என்று தோளைப் பிடித்து உலுக்கினாள். உடம்பு சூடாகத்தான் இருந்தது, மூச்சும் வந்துகொண்டிருந்தது. ஆனால் ஒரு பக்கத்துக் கன்னம் மட்டும் மெல்ல உப்பியது.

தலை அவள் பக்கம் திரும்பியது.

"அக்கா, நோட்டை எடுங்க."